மெனோபாஸ் ஹார்மோன் மாத்திரையும் பேட்ச்சும் ஒத்துவரவில்லை என்றால் வேறு வழி உண்டா?

மாத்திரை குமட்டுகிறது, தோலில் ஒட்டும் பேட்ச் பட்ட இடம் சிவந்து அரிக்கிறது, புரோஜெஸ்டோஜன் (கருப்பையின் உட்சவ்வைப் பாதுகாக்க ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்துத் தரும் ஹார்மோன்) எடுக்கும் நாட்களில் மன எரிச்சலும் உப்புசமும் என்று கேட்டிருக்கிறீர்கள். இவை மூன்றும் வேறுவேறு பிரச்சினைகள். ஒன்றாகச் சேர்த்து, ஹார்மோனே ஆகாது என்று விட்டுவிடாதீர்கள்.

அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் பசை. ஜெல்லில் அதே எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்) பசையில்லாமல் கிடைக்கும். கையிலோ தொடையிலோ பரவலாகத் தடவி, நன்றாகக் காய்ந்தபின் உடுத்துங்கள். தடவிய இடம் குழந்தைகள் மேல் படக்கூடாது. தோல்வழி மருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகாததால் குமட்டலும் குறையும், ரத்தக்கட்டு அபாயமும் மாத்திரையைவிடக் குறைவு.

மன எரிச்சலுக்குப் புரோஜெஸ்டோஜனை மாற்றிப் பார்க்க வேண்டும். கருப்பை இருக்கும்வரை நிறுத்த முடியாது; ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் என்ற வகை தினமும் 100 மி.கி., அல்லது மாதத்தில் 12 நாள் 200 மி.கி. என்பது வழக்கம். தூக்கம் வரும், ஆகவே இரவில்தான். (சில பிராண்டுகளில் கடலை எண்ணெய் உண்டு, ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள்.) அதுவும் ஒத்துவராவிட்டால் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் (இதுவும் ஒரு புரோஜெஸ்டோஜன்) உள்ள கருப்பைச் சாதனம்; மருந்து பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்யும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று மாதம் கொடுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. "இயற்கை" என்று தனியாகக் கலந்து தரும் ஹார்மோன் க்ரீம்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவு சீராக இருக்காது, கருப்பைக்குப் போதிய பாதுகாப்பும் உறுதியில்லை.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் வென்லாஃபாக்சின், ஃபெசோலினெட்டன்ட் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.