மூன்று ரெப்ளிக்கா வாங்க முதல் ஓர் இன்டெக்ஸ் போட்டுப் பாருங்கள்

கேள்வி: எங்கள் நெல் கொள்வனவுச் சங்கத்துக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏழு நிலையங்கள் உண்டு. தராசடியில் நிறை பதிந்து கமக்காரருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கும் மென்பொருள், இணையச் செயலிகள் செய்யும் கருவித்தொகுப்பான லாரவெல்லில் செய்தது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில், சிங்கப்பூரில் இருக்கிறது. பெரும்போக அறுவடை தொடங்கினால் காலை பத்து மணிக்குப் பிறகு எல்லாம் இறுகிவிடும். உழவு இயந்திரங்கள் வீதிவரை வரிசையில் நிற்கும். மூன்று ரீட் ரெப்ளிக்கா போட்டால் சரிவரும், பாக்கப்பாகவும் இருக்கும் என்கிறார் செய்து தந்தவர். வாடகை டொலரில். போடலாமா?

பதில்: மூன்று வேண்டாம். ஒன்று வேண்டுமா என்பதே இரண்டு நாள் வேலைக்குப் பிறகுதான் தெரியும்.

ரெப்ளிக்கா என்பது மூலப் பேரேட்டைப் பார்த்து இன்னொரு கொப்பியில் எழுதிக்கொண்டே இருக்கும் எழுதுவினைஞர் மாதிரி. கணக்குக் கேட்டு வருபவருக்கு அந்தக் கொப்பியைக் காட்டலாம்; அதில் புதிதாக எதையும் எழுத முடியாது. மூலத்தில் விழும் ஒவ்வொரு வரியும் எல்லாக் கொப்பிகளிலும் விழும். ஆகவே வாசிப்புச் சுமை பிரியும், எழுத்துச் சுமை குறையாது. உங்களிடம் எழுத்துச் சுமையே இல்லை. ஏழு தராசும் நிமிடத்துக்கு ஒரு பதிவு போட்டாலும் மிகச் சின்னச் சேர்வருக்கே அது கொசுக்கடி. ஏதோ ஓர் அறிக்கை முழு அட்டவணையையும் திரும்பத் திரும்பப் புரட்டுகிறது.

அதைப் பிடிக்க, டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளில் (குவெரி) நேரம் இழுப்பவற்றைக் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லொக் போதும். ஆர்டிஎஸ் தானாகத் தரும் பராமீட்டர் குரூப்பில் (டேட்டாபேஸின் அமைப்புகள் அடங்கிய தொகுப்பு) கைவைக்க முடியாது. புதிதாக ஒன்று உருவாக்கி இணைத்து, இரவில் ஒரு தடவை ரீபூட் செய்யச் சொல்லுங்கள். அதில் லொக்கை இயக்கி, 'லோங் குவெரி டைம்' அளவை 1 செக்கனாக்க வேண்டும். வழக்கமாக அது 10. ஒன்பது செக்கன் இழுக்கும் குவெரிகூட லொக்கில் விழாது. கொள்வனவு மும்முரமான இரண்டு நாள் ஓடவிடுங்கள். அடிக்கடி வரும் நான்கைந்து குவெரிகளின் முன் 'எக்ஸ்பிளெய்ன்' என்று சேர்த்து ஓட்டினால், 'டைப்' என்ற நிரலில் (column) 'ஓல்' (ALL, அதாவது முழு அட்டவணையையும் புரட்டுவது) என்று வருவதுதான் கள்ளன்.

பெரும்பாலும் அது இன்றைய மொத்தக் கொள்வனவு அறிக்கையாக இருக்கும். பதிந்த நேரத்தை 'டேட்' ஃபங்ஷனுக்குள் போட்டு இன்றைய திகதியுடன் ஒப்பிட்டிருப்பார்கள். அப்படி எழுதினால் அந்த நிரலில் சாதாரண இன்டெக்ஸ் (புத்தகத்தின் சொல்லடைவு போல, தேடும் வரி எங்கே என்று உடனே காட்டும் பட்டியல்) இருந்தும் உதவாது. இன்று 00:00 மணி முதல், நாளை 00:00 மணிக்கு முன்வரை என்று எல்லை கொடுத்து எழுத வேண்டும். அறிக்கை ஒவ்வொரு நிலையமாகக் கேட்டால் நிலைய எண், பதிந்த நேரம் இரண்டையும் அதே வரிசையில் சேர்த்து ஒரே இன்டெக்ஸாகப் போட வேண்டும்; எல்லா நிலையத்தையும் ஒன்றாகக் கேட்டால் பதிந்த நேரம் முதலில் வர வேண்டும். தலைமை அலுவலகத் திரை ஐந்து செக்கனுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தால் அதை ஐந்து நிமிடமாக்குங்கள். நெல்லின் நிறை ஐந்து செக்கனில் ஓடிவிடாது.

இவ்வளவும் செய்த பிறகும் இறுகினால் ஒரு ரெப்ளிக்கா போடலாம். 15 வரை வைக்க அமேசான் விடும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சேர்வர் வாடகை, தனிச் சேமிப்பு வாடகை. அதே சிங்கப்பூரில், மூலத்தின் அளவிலேயே இருக்கட்டும். மலிவு என்று சின்னது போட்டால் பின்தங்கும். மூலத்தில் தானியங்கி பாக்கப் இயங்காவிட்டால் ரெப்ளிக்கா உருவாகாது. உருவாகும்போது மூலம் கொஞ்சம் தடைபடலாம், இரவில் செய்யுங்கள்.

இனித்தான் கவனிக்க வேண்டிய இடம். கொப்பி எப்போதும் மூலத்துக்குச் சற்றுப் பின்னால்தான். வாசிப்பையும் எழுத்தையும் தானாகப் பிரிக்கும் வசதி லாரவெல்லில் உண்டு. 'ஸ்டிக்கி' என்ற அமைப்பைப் போட்டால் எழுதியவருக்கு மூலத்திலிருந்தே காட்டும், பயமில்லை என்பார்கள். அந்தப் பாதுகாப்பு ஒரே கோரிக்கைக்குள் (உலாவி ஒரு தடவை சேர்வரிடம் கேட்டுப் பதில் வாங்குவது) மட்டும்தான். தராசடியில் 'சேமி' அழுத்தியதும் பதிவு மூலத்தில் விழுகிறது, பக்கம் பற்றுச்சீட்டுப் பக்கத்துக்கு மாறுகிறது. மாறியது புதிய கோரிக்கை. அது ரெப்ளிக்காவிடம் போகும். ரெப்ளிக்கா இரண்டு செக்கன் பின்தங்கியிருந்தால் திரையில் 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை'. பதிவு விழவில்லை என்று நினைத்து, பின்னால் நிற்கும் சனத்தின் சத்தத்தில் தராசடிப் பொடியன் மறுபடி பதிவான். ஒரே 40 மூடைக்கு இரண்டு சீட்டு. கொடுப்பனவுப் பக்கமும் ரெப்ளிக்காவைப் பார்த்தால், கொடுத்து முடித்த காசு இன்னும் பாக்கி என்று காட்டும். ஆகவே தானாகப் பிரிக்க விடாதீர்கள். அறிக்கைகளுக்கென்று பெயரிட்டுத் தனி இணைப்பு ஒன்று செய்து, அதை மட்டும் ரெப்ளிக்காவுக்குத் திருப்புங்கள். சீட்டு, பாக்கி, கொடுப்பனவு மூன்றும் மூலத்தோடுதான்.

விலை திருத்தம் என்று இரண்டு இலட்சம் வரிகளை ஒரே அடியில் மாற்றினாலும் ரெப்ளிக்கா பின்தங்கும். ஆயிரம் ஆயிரமாக மாற்றச் சொல்லுங்கள். அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வொச்சில் 'ரெப்ளிக்கா லாக்' (ரெப்ளிக்கா பின்தங்கும் நேரம்) 30 செக்கனைத் தாண்டினால் எச்சரிக்கை வரட்டும். -1 என்று காட்டினால் படியெடுப்பு நின்றுவிட்டது.

பாக்கப் என்றாரா? மூலத்தில் ஒருவர் அட்டவணையைத் தவறுதலாக அழித்தால் சில செக்கனில் ரெப்ளிக்காவிலும் அழிந்திருக்கும். பாக்கப் வேண்டுமென்றால் தானியங்கி பாக்கப்பை 35 நாள்வரை வைக்கலாம். அந்த இடைவெளியில் விரும்பிய நேரத்துக்குத் திரும்பலாம். அதற்கு ரெப்ளிக்கா தேவையில்லை.

இதைச் சொல்லாமல் விற்பவர்களைப் பற்றிக் கோபப்பட்டும் பயனில்லை. விலைமனுப் படிவத்தில் 'சேர்வர் எத்தனை' என்று கேட்க நிரல் இருக்கிறது. இன்டெக்ஸுக்கு நிரல் இல்லை. மூன்று விலைமனு வாங்கிக் கோவையில் போட்டால் கணக்காய்வுக்குப் போதும், குவெரியைப் பார்க்க யாரும் கேட்பதில்லை. அதனால் இரும்பை அடுக்குகிறார்கள்.

மென்பொருள் செய்து தந்தவரிடம் இந்த வாரமே கேளுங்கள்: அமேசான் கணக்கு யார் பெயரில்? ரூட் மின்னஞ்சல் (கணக்கின் முழு அதிகாரமும் உள்ள முதன்மை முகவரி) சங்கத்தினுடையதாகவும், இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தல் சங்கத்தின் தொலைபேசியிலும் இருக்க வேண்டும். மாதக் கட்டணத்துக்கு அவர் தட்டச்சு செய்து தரும் சிட்டையை ஏற்காதீர்கள். அமேசான் கணக்கிலிருந்து இறக்கிய பிடிஎஃப் பில்லைக் கேளுங்கள். தர முடியாது என்றால், ரெப்ளிக்காவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அறுவடைக்கு முன்னரே கணக்கைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள்.