ஆஸ்திரேலியர்களுக்கு இங்கிலாந்து மேல் கோபமே இல்லையா? – வாசகர் கேள்வி பதில்

2024 அக்டோபரில் மன்னர் சார்லஸ் ஆஸ்திரேலியா வந்துபோனதிலிருந்து வாசகர்கள் இதையே சுற்றிச் சுற்றிக் கேட்டு எழுதுகிறார்கள். நான் சிட்னியில் குடியிருப்பவன் என்பதால் ஆசிரியர் எல்லாவற்றையும் எனக்கு அனுப்பிவிட்டார். ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் முழுக்க இந்த விஷயம்தான்.

கேள்வி: 1947-ல் நாம் வெள்ளைக்காரனை அனுப்பிவிட்டோம். ஆஸ்திரேலியா இவ்வளவு வசதியான நாடு, லண்டனில் இருக்கும் ஒருவரை இன்னும் மன்னர் என்று வைத்திருக்கிறார்களே, அவர்களுக்கு மான ரோஷம் இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது. நமக்கு இங்கிலாந்துக்காரன் வெளியிலிருந்து வந்து நம் மேல் ஏறி உட்கார்ந்தவன். இங்கே பெரும்பாலானவர்களுக்கு அவன் சொந்தத் தாத்தா. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்றில் ஒருவர் தன் பூர்வீகம் இங்கிலாந்து என்று எழுதியிருக்கிறார், அதற்கு மேல் ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழி வந்தவர்கள் தனி. 1788 முதல் 1868 வரை 1,62,000 கைதிகளைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு காலத்தில் குடும்பத்தில் கைதி இருந்ததை மூடி மறைத்தார்கள், இப்போது எங்கள் பாட்டனார் ரொட்டி திருடி வந்தவர் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் வெறும் 10 பவுண்டு கட்டணத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்களைக் கூப்பிட்டுக் குடியேற்றினார்கள். பிரதமராக இருந்த ஜூலியா கில்லார்டும் டோனி அபாட்டும் அப்படிப் பெற்றோருடன் சிறு வயதில் வந்தவர்கள்தான்.

சுதந்திரப் போராட்டம் என்று ஒன்று இங்கே நடக்கவில்லை. ஆறு காலனிகளும் பேசி, ஓட்டுப் போட்டு, லண்டன் நாடாளுமன்றத்தில் சட்டம் போட வைத்து 1901 ஜனவரி 1-ஆம் தேதி ஒரே நாடாகச் சேர்ந்தார்கள். அதற்காக யாரும் சிறைக்குப் போகவில்லை. புது நாடாளுமன்றம் முதல் வருடமே போட்ட சட்டங்களில் ஒன்று வெள்ளையர் அல்லாதவர்கள் உள்ளே வராமல் தடுக்கும் சட்டம். ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் எழுதச் சொல்லி, எழுதத் தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கொள்கையின் கடைசி மிச்சம் மீதியும் 1973-ல்தான் ஒழிந்தது. நாங்கள் பிரிட்டிஷ் ஜாதி என்பதுதான் அவர்களுடைய அன்றைய பெருமை, அதைப் புரிந்துகொள்ளாமல் இந்த நாட்டின் முதல் ஐம்பது அறுபது வருடங்களைப் புரிந்துகொள்ள முடியாது. 1954-ல் எலிசபெத் ராணி வந்தபோது மொத்த மக்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் எங்காவது ஒரு தெருவோரத்தில் நின்று அவரைப் பார்த்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பங்காளி வீடுகளுக்குள் இருக்கிற உறவுதான் இது. வரப்புக்குச் சண்டை போடுவார்கள், வருடக்கணக்கில் முகம் பார்க்க மாட்டார்கள், ஆனால் சாவு விழுந்தால் தீட்டு இரண்டு வீட்டுக்கும் உண்டு. 2022-ல் ராணி இறந்தபோது பிரதமராக இருந்தவர் அல்பனீஸ், காலம் பூராவும் குடியரசு வேண்டும் என்று சொல்லிவந்தவர். அவர்தான் செப்டம்பர் 22-ஆம் தேதியைத் துக்க நாளாக அறிவித்து நாடு முழுக்க விடுமுறை விட்டார், லண்டனுக்கு இறுதிச் சடங்குக்கும் போய்வந்தார். இதில் பாசாங்கு எதுவும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் மன்னராட்சி வேண்டாம் என்பவர்களே அங்கே இல்லையா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நிறையப் பேர் இருக்கிறார்கள் அம்மா. 1999 நவம்பர் 6-ஆம் தேதி இதற்கென்றே வாக்கெடுப்பு நடந்தது. அன்றைக்குக் குடியரசு வேண்டும் என்பவர்கள் குறைச்சல் இல்லை, ஆனால் முன்வைத்த திட்டத்தில் ஜனாதிபதியை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தேர்ந்தெடுக்கும் என்று இருந்தது. எங்கள் ஜனாதிபதிக்கு நாங்கள் ஓட்டுப் போடக்கூடாதா, அரசியல்வாதிகள் தங்களுக்கு வேண்டிய ஆளை உட்கார வைத்துக்கொள்வார்களா என்று கேட்டு, குடியரசுக்காரர்களிலேயே ஒரு பிரிவு மன்னர் ஆதரவாளர்களோடு சேர்ந்து வேண்டாம் என்று குத்திவிட்டது. கிட்டத்தட்ட 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், ஆறு மாநிலங்களிலும் தோல்வி. ராணி மேல் இருந்த பாசத்தைவிட சொந்த அரசியல்வாதிகள் மேல் இருந்த சந்தேகம்தான் அன்று ஜெயித்தது.

மறுபடி முயல்வதும் லேசு இல்லை. அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால் நாடு முழுக்கவும் பெரும்பான்மை வேண்டும், ஆறில் நான்கு மாநிலங்களிலும் வேண்டும். 1901-லிருந்து 45 கேள்விகள் மக்களிடம் போயிருக்கின்றன, எட்டுதான் தேறின. 2022-ல் அல்பனீஸ் குடியரசுக்கென்றே ஒரு துணை அமைச்சரை நியமித்தார். 2023-ல் பழங்குடி மக்களுக்கு ஆலோசனை அமைப்பு தரும் வாக்கெடுப்பு தோற்ற பிறகு அடுத்த வருடம் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். இன்னும் பத்து வருடத்துக்கு எதுவும் நடக்காது என்பது என் கணிப்பு.

அதற்காக என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்வார்கள் என்று இல்லை. 2015 ஜனவரி 26 அன்று, அப்போது பிரதமராக இருந்த அபாட், எலிசபெத் ராணியின் கணவர் பிலிப்புக்கு ஆஸ்திரேலியாவின் சர் பட்டம் கொடுத்தார். நாடே கொந்தளித்துவிட்டது, மன்னர் ஆதரவாளர்களுக்குக்கூடக் கோபம். இரண்டு வாரத்தில் அவர் கட்சிக்காரர்களே தலைமையை மாற்றத் தீர்மானம் கொண்டுவந்தார்கள், செப்டம்பரில் பதவியே போனது. பட்டத்துக்கு மட்டும் போன பதவி இல்லை அது, ஆனால் அந்த நாளிலிருந்துதான் அவருக்கு இறங்குமுகம். மன்னர் லண்டனில் இருந்து கொள்ளட்டும், இங்கே யாரும் அவருக்கு முன்னால் குனியத் தேவையில்லை என்பதுதான் பொதுவான மனநிலை.

கேள்வி: ஆஷஸ் தொடர் வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு வெறி?
– கிரிக்கெட் ரசிகர், சேலம்

பதில்: ஆஷஸ் என்பது இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் டெஸ்ட் தொடர். ஆஸ்திரேலியாவில் நடந்த 1932–33 தொடரைத் தெரிந்துகொண்டால் புரியும். ஆஸ்திரேலிய மட்டையாளர் பிராட்மேனை அடக்க வழி தேடிய இங்கிலாந்து அணித் தலைவர் டக்ளஸ் ஜார்டைன், வேகப்பந்து வீச்சாளர் ஹரோல்ட் லார்வுட்டை வைத்து, மட்டையாளரின் உடம்பைப் பார்த்து வீச வைத்து, லெக் பக்கம் ஆட்களை நெருக்கி நிறுத்தினார். அடிலெய்டு டெஸ்ட்டில் ஆஸ்திரேலிய அணித் தலைவர் பில் வுட்ஃபுல்லுக்கு நெஞ்சில் அடி, ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டை ஓட்டில் விரிசல். உடை மாற்றும் அறைக்கு விசாரிக்க வந்த இங்கிலாந்து மேலாளரிடம் வுட்ஃபுல், மைதானத்தில் இரண்டு அணிகள் இருக்கின்றன, அதில் ஒன்றுதான் கிரிக்கெட் ஆட முயல்கிறது என்றார். இரு நாட்டு வாரியங்களும் தந்தியில் மோதிக்கொண்டன, விவகாரம் அரசாங்கங்கள் வரை போனது. பொருளாதார மந்தத்தில் லட்சக்கணக்கானவர்கள் வேலை இல்லாமல், லண்டன் வங்கிகளுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நியாயமாக ஆடக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்த தாய்நாடு இப்படிச் செய்கிறதே என்ற அடி ஆழமாக விழுந்தது.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொடர் முடிந்து ஊருக்குப் போன லார்வுட்டிடம் மன்னிப்புக் கேள் என்றது அவருடைய சொந்த நாட்டு நிர்வாகம். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த தொழிலாளி வீட்டுப் பிள்ளை, தலைவர் சொன்னதைத்தான் செய்தேன், எதற்கு மன்னிப்பு என்று மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு இங்கிலாந்துக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 1950-ல் மனைவியையும் ஐந்து மகள்களையும் அழைத்துக்கொண்டு அவர் குடியேறிய ஊர் எது தெரியுமா? சிட்னி! அவரை வரவேற்று உதவியவர்களில் அந்தத் தொடரில் அவர் பந்தை எதிர்கொண்ட ஜாக் ஃபிங்கிள்டனும் ஒருவர். 1995-ல் சாகும்வரை லார்வுட் இங்கேயே நிம்மதியாக வாழ்ந்தார். ஆஸ்திரேலியர்களுக்கு இங்கிலாந்தின் சாதாரண மனிதன் மேல் பகை இல்லை. அந்த நாட்டின் மேட்டுக்குடித் திமிரைத்தான் அவர்களால் சகிக்க முடியாது.

2023 ஜூலையிலும் அதே கதைதான். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து மட்டையாளர் பேர்ஸ்டோ கிரீஸ் கோட்டைத் தாண்டி வெளியே நடக்க, ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் அலெக்ஸ் கேரி ஸ்டம்பைத் தட்டினார், விதிப்படி அவுட். ஆட்டக்காரர்கள் உறுப்பினர்கள் கூடும் லாங் ரூம் வழியாக வரும்போது, மைதானத்தின் சொந்தக்காரரான எம்.சி.சி. கிளப் உறுப்பினர்களே ஆஸ்திரேலியாவின் கவாஜாவையும் வார்னரையும் வழிமறித்து வசைபாடினார்கள், பிறகு மூன்று பேரை இடைநீக்கம் செய்தது கிளப். இரண்டு பிரதமர்களும் அவரவர் அணிக்காக அறிக்கை விட்டார்கள். இங்கே அக்கம்பக்கத்தில் எல்லாரும் பேசியது ஸ்டம்பிங்கைப் பற்றி இல்லை, கோட்டு சூட்டு போட்ட அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான்.

கேள்வி: பிரிட்டன் தங்களைக் கைவிட்டுவிட்டது என்று ஆஸ்திரேலியர்கள் சொல்வது எதை?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: உங்கள் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். சிங்கப்பூர் கோட்டை விழவே விழாது என்று பிரிட்டன் வாக்குக் கொடுத்திருந்தது. 1942 பிப்ரவரி 15-ல் விழுந்தது, சுமார் 15,000 ஆஸ்திரேலிய வீரர்கள் கைதானார்கள். நான்கே நாளில் ஜப்பான் விமானங்கள் டார்வின் நகரத்தில் குண்டு போட்டன. மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேரை விழுங்கிய, ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில்பாதை இருக்கிறதே, அதே பாதையில் 2,800 ஆஸ்திரேலியக் கைதிகளும் செத்தார்கள். பிரதமர் ஜான் கர்ட்டின் சிங்கப்பூர் விழுவதற்கு முன்பே, 1941 டிசம்பர் கடைசியில், இனி எங்கள் கண் அமெரிக்காவை நோக்கித்தான் என்று பத்திரிகையில் வெளிப்படையாக எழுதிவிட்டார். ஆஸ்திரேலியப் படையை பர்மாவுக்குத் திருப்பச் சொல்லி சர்ச்சில் கேட்டபோது முடியாது, அவர்கள் ஊர் திரும்பட்டும் என்று மறுத்தார். அந்தத் துணிச்சலுக்காகவே கர்ட்டினை எனக்குப் பிடிக்கும்.

அடுத்த அடி வயிற்றில். 1973-ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தபோது டாஸ்மேனியா ஆப்பிளுக்கும் ஆஸ்திரேலிய வெண்ணெய்க்கும் காலம் காலமாக இருந்த சந்தை போய்விட்டது. தலைமுறையாக வளர்த்த மரங்களை வேரோடு பிடுங்கிப்போட விவசாயிகளுக்கு அரசு பணம் கொடுத்தது. போரில் கூட நின்ற எங்களை விட்டுவிட்டு ஜெர்மனியோடு வியாபாரம் செய்கிறார்களே என்று வயதானவர்கள் இன்றும் குமுறுவதுண்டு. இரண்டு நாடுகளும் புதிதாகப் போட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2023-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் இவர்கள் சரக்கு சீனா, ஜப்பான், கொரியா என்று போகத் தொடங்கிப் பல காலம் ஆகிவிட்டது.

கேள்வி: என் மகள் மெல்பர்னில் குடியுரிமை வாங்கப் போகிறாள். மன்னர் பேரில் சத்தியம் செய்ய வேண்டுமா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம் அம்மா. 1994-லிருந்து உறுதிமொழியில் மன்னர் பெயர் கிடையாது, ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொன்னால் போதும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டும் இன்றும் மன்னர் பேரில்தான் பதவி ஏற்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்துக்குப் போக முடியாது, அந்தக் கணக்கில் பிரிட்டனும் வெளிநாடுதான் என்று 1999-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2017-ல் இதே விதியில் பலருக்குப் பதவி போனபோது, அவர்களில் பெரும்பாலானவர்கள் அப்பா வழியிலோ தாத்தா வழியிலோ பிரிட்டிஷ் குடியுரிமை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள். மன்னர் இந்த நாட்டுக்காரர், அவர் வாழும் நாடு அந்நிய நாடு!

கேள்வி: ஜனவரி 26 இங்கே ஆஸ்திரேலியா தினம், நமக்கு இந்தியக் குடியரசு தினம். பிள்ளைகளுக்கு எதை எப்படிச் சொல்வது என்று குழப்பமாக இருக்கிறது. பழங்குடி செனட்டர் லிடியா தோர்ப் மன்னரைப் பார்த்துக் கத்தியது சரியா?
– வென்ட்வொர்த்வில், சிட்னி

பதில்: இரண்டும் ஒரே தேதி, ஆனால் நேர் எதிர். 1930 ஜனவரி 26-ல் பிரிட்டனிடமிருந்து முழு விடுதலை என்று உறுதி எடுத்த நாளை நினைத்துத்தான் நம் அரசியலமைப்பு அதே நாளில் நடைமுறைக்கு வந்தது. இங்கேயோ 1788-ல் ஆர்தர் பிலிப் சிட்னித் துறையில் பிரிட்டிஷ் கொடி ஏற்றிய நாள் அது. அன்றைக்கு இங்கே பல்லாயிரம் வருடமாக வாழ்ந்துகொண்டிருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை, ஒப்பந்தம் போடவில்லை. 150 வருடம் முடிந்த 1938-ல் பழங்குடித் தலைவர்கள் இதே சிட்னியில் கூடி அதைத் துக்க நாள் என்று அறிவித்தார்கள். 1950-களில் பிரிட்டன் அணுகுண்டு சோதிக்க இடம் கேட்டபோது பிரதமர் மென்சீஸ் சரி என்றார். மரலிங்காவில் வெடித்தபோது சொந்த மண்ணை விட்டு விரட்டப்பட்டவர்களும் அவர்கள்தான்.

நம் தாத்தா பாட்டிகளுக்கு வெள்ளைக்காரன் மேல் என்ன மனநிலை இருந்ததோ அது இங்கே இவர்களிடம்தான் இருக்கிறது. 2024-ல் கான்பெரா நாடாளுமன்ற மண்டபத்தில் தோர்ப் மன்னரைப் பார்த்து, நீர் என் மன்னர் இல்லை, எங்கள் நிலத்தைத் திருப்பித் தாரும் என்று குரல் எழுப்பியபோது மரியாதைக் குறைவு என்று குடியரசுக்காரர்களே கண்டித்தார்கள். பழங்குடியினரிலும் அது பிடிக்காதவர்கள் உண்டு. எனக்கு அது தவறாகப் படவில்லை. மன்னர் பத்தாயிரம் மைல் தாண்டி வந்து நிற்கும் அந்த ஒரு நாளை விட்டால் அவர் முகத்துக்கு நேராக இதை எப்போது சொல்வது?

பிள்ளைகளுக்கு இரண்டு கதையையும் சொல்லுங்கள். அன்றைக்கு இந்தியர் விழாவுக்குக் காலையில் போய்விட்டு, அப்புறம் கேம்பர்டவுன் விக்டோரியா பூங்காவில் பழங்குடி மக்கள் நடத்தும் யாபுன் விழாவுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டு, ஆட்டம், கைவினைக் கடைகள், பேச்சு எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது. வெயில் கடுமையாக இருக்கும், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.