தவிட்டுப்பழம்: ஜாம் போடவா, அப்படியே சாப்பிடவா?

கோத்தகிரியிலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்டுக்குப் பின்னாடி தவிட்டுப்பழம் (மலைப்பக்கம் புதர்ச்செடியில காய்க்கற ஊதாப் பழம்) இந்த வருஷம் கொத்துக்கொத்தா காய்ச்சிருக்காம், அப்பாவுக்கு சுகர், இது சுகரை இறக்கும்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்களாம், ஜாம் போட்டு வச்சு வருஷம் பூரா குடுக்கலாமான்னு.

அக்கா, பழம் குடுங்க, ஜாம் வேண்டாம். ஜாம் கெடாம நிக்கணும்னா பழத்தோட எடைக்குக் கிட்டத்தட்ட சரிக்குச் சரி சர்க்கரை போட்டாகணும், அது சுகர்காரருக்கு எப்படிங்க ஆகும்? இன்னொண்ணு, ஒரு பழத்தைப் பிச்சுப் பாருங்க, மேல வெல்வெட்டு மாதிரி தோல், உள்ள பொடிப்பொடியா விதை, விரல்லயும் நாக்குலயும் ஊதாக் கறை. அந்தக் கறைதான் ஆந்தோசயனின்ங்கற நிறமி, நாவல்பழத்துல இருக்கறதும் இந்த வகைதான். அது போக பிசியாட்டனால்னு ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு, வியட்நாம்ல சிம்னு கூப்பிடற இதே பழத்தை ஆராய்ச்சி பண்ணி 2013ல வெளியிட்டாங்க, காய்ஞ்ச எடையில கிராமுக்கு 2.3 மில்லிகிராம், சிவப்புத் திராட்சையைவிட 1000 மடங்குக்கு மேல! நார்ச்சத்தும் ரொம்ப அதிகம். இதுல பெரும்பங்கு தோல்லயும் விதையிலயும்தான், நாம ஜாமுக்கு வடிகட்டித் தூக்கிப் போடறதும் அதைத்தான், எனக்கு அதைப் பாத்தாலே மனசு கேக்காது.

ஆனா சுகர் மாத்திரைக்குப் பதில் இதுன்னு மட்டும் நெனச்சிடாதீங்க. லேப்ல நல்லா வேலை செய்யறது வேற, அப்பா உடம்புல சுகர் இறங்கறது வேற, மாத்திரை அது பாட்டுக்கு நடக்கட்டும். நல்லா கறுத்துப் பழுத்ததா ஒரு கைப்பிடி, விதையோட மென்னு சாப்பிடச் சொல்லுங்க. அதுக்கு மேல போனா சிலருக்கு மலம் கட்டிக்கும், வயித்தால போறதுக்கு இந்தப் பழத்தைக் குடுக்கற வழக்கம் சீனா பக்கம்கூட உண்டு.

வருஷம் பூரா வேணும்னா கழுவி, ஈரம் போக உலர்த்தி, தட்டுல பரப்பி ஃப்ரீசர்ல வச்சு கெட்டியானதும் கவர்ல கட்டிடுங்க. பிள்ளைங்களுக்கு ஜாம் போட்டே ஆகணும்னா சீக்கிரம் இறக்கிடுங்க, எலுமிச்சை பிழிய மறக்காதீங்க, புளிப்பு இருந்தாத்தான் ஜாமோட சிவப்பு நிறம் நிக்கும் (சாறுல ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டுப் பாருங்க, நீலம் பாய்ஞ்சிடும்), ரொம்ப நேரம் கொதிச்சு பழுப்பாச்சுன்னா ஆந்தோசயனின் போயிடுச்சுன்னு அர்த்தம்.

செடி தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருந்தா, அங்க எப்ப மருந்து அடிச்சாங்கன்னு கேட்டுட்டு அப்புறமா பறிங்க.