குளியலறைச் சுவர்: எதை ஒட்டலாம், எதைப் பூசலாம்?

கே: அறுபது வருடப் பழைய வீடு. 5-க்கு 7 அடி குளியலறையைப் புதுப்பிக்கிறோம். மாமியாருக்கு ஆஸ்துமா. பிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) பேனல் ஒட்டினால் ஒரே நாளில் வேலை முடியும் என்கிறார்கள். ஒட்டலாமா?
– வாசகி, கும்பகோணம்

ப: வேண்டாம். ஓதம் ஏறும் பழைய சுவரைப் பேனல் போட்டு மூடினால் இடுக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை படரும்; வெளியே தெரியவே தெரியாது. ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டுக்கு இதைவிட வேறு வினை வேண்டியதில்லை. தீப்பிடித்தால் பிவிசி ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கும் என்பது தனி.

தண்ணீர் தெறிக்கும் 7 அடி வரை செராமிக் டைல்ஸ், அதற்கு மேலே சுண்ணாம்புப் பூச்சு. சூளையில் 1000 டிகிரிக்கு மேல் வெந்து வந்த டைல்ஸில் ஆவியாகி வெளியேற எதுவும் மிச்சமிருக்காது. உங்கள் அறையின் சுற்றளவு 24 அடி, ஆக 168 சதுர அடி. கதவுக்கு 17 கழித்து, சேதாரத்துக்கு 10 சதவீதம் கூட்டி, 166 சதுர அடி வாங்கினால் போதும்.

உண்மையான நச்சு பறப்பது இடிக்கும் நாட்களில்தான். பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் விதி இங்கே அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். டைல்ஸ் வெட்டுவதும் தண்ணீர் விட்டே நடக்கட்டும், சிலிக்கா தூசு நுரையீரலுக்கு எமன். இடித்து, வெட்டி, துடைத்து முடியும்வரை மாமியார் வேறு வீட்டில் இருக்கட்டும்.

கே: டைல்ஸ் பசையெல்லாம் கெமிக்கல், சிமென்ட் பால்தான் நல்லது என்கிறார் கொத்தனார். சரியா?
– வாசகர், திருச்சி

ப: தூளாக வரும் பசையும் பெரும்பாலும் சிமென்ட், மணல், கொஞ்சம் பாலிமர்தான். மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. சிமென்ட் பால் அதில் பிடிக்காமல் நாளடைவில் கழன்றுவிடும்.

பசையைவிட ஒட்டும் விதத்தில்தான் கோளாறு வருகிறது. நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அழுத்துவார்கள். உருண்டைகளுக்கு நடுவே பொந்து விழும். தட்டினால் ‘டொக்’கென்று கேட்கும், தண்ணீர் புகுந்தால் வெளியேறாது. பல் வைத்த கரணையால் சுவர் முழுக்க இழுத்துப் பூசியே ஒட்ட வேண்டும். முதல் டைலை ஒட்டியதும் பெயர்த்து, முதுகு முழுக்கப் பசை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். 3 மில்லிமீட்டர் கனத்துக்கு 20 கிலோ மூட்டை ஏறக்குறைய 50 சதுர அடிக்கு வரும். பசையில் ஒட்டும் டைல்ஸை ஊறவைக்கத் தேவையில்லை.

டைல்ஸ் இடுக்கை அடைக்க எபாக்ஸி கிரவுட் (இரண்டு பொருளைக் கலந்து இறுகும் பிசின் பூச்சு) போட்டால் கறை ஏறாது, இறுகியபின் தொந்தரவும் இல்லை. கலக்கும்போது மட்டும் தோலில் படக்கூடாது, அலர்ஜி வரும், கையுறை கட்டாயம்.

கே: சுண்ணாம்புப் பூச்சில் கொஞ்சம் சிமென்ட் சேர்த்தால் உறுதி கூடும்தானே? மேலே எமல்ஷன் (பிளாஸ்டிக் பெயின்ட்) அடிக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

ப: இரண்டும் கூடாது. செங்கல், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை இழுக்கும், பிறகு வெளியே விடும். சிமென்டோ பிளாஸ்டிக் பெயின்டோ அந்த வழியை அடைத்தால் பூச்சு பொரிந்து விழும்.

நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. கடுக்காய் ஊறிய நீரில் குழைப்பது உங்கள் ஊர்க் கொத்தனார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஈரமாக வைக்க வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை பிழைக்காது. காற்றுபட்டு இறுக இறுக அந்தக் காரம் குறையும் என்பதால் வருடம் ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டும்.

கழுவ ஆசிட் வேண்டவே வேண்டாம்: சுண்ணாம்பையும் அரிக்கும், சிமென்ட் கிரவுட்டையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.