மார்செய் டாரட்டில் தடிச் சீட்டுகள்: கேள்வி பதில்

குறி பார்க்க எடுக்கும் டாரட் சீட்டுகளில் பழைய பிரெஞ்சு வகையான மார்செய் கட்டின் நான்கு இனங்களில் (தடி, வாள், கோப்பை, காசு) எல்லோரும் திணறுவது தடியில்தான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

அக்கா, தடி ஐந்தில் வெறும் ஐந்து குச்சிதான் இருக்கிறது. புத்தகத்திலோ ஐந்து பேர் சண்டை போடுவதாக இருக்கிறது. எங்கே அந்தச் சண்டை?

அந்தப் புத்தகம் வேறு கட்டுக்கு எழுதியது தம்பி. சண்டை போடும் ஐந்து பேரை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித், 1909ல் லண்டனில் வந்த ரைடர்-வெயிட் கட்டுக்காக. மார்செய் கட்டு அதைவிட மிகப் பழையது. பாரிஸில் ழான் நோப்ளே 1650 வாக்கில் அச்சிட்டது இன்றும் இருக்கிறது. மார்செயில் நிக்கோலா கொன்வேரின் கட்டில் 1760 என்ற ஆண்டு இருக்கிறது. இவற்றில் இரண்டு முதல் பத்து வரை கதைப்படமே கிடையாது. எண், தடிகள் பின்னியிருக்கும் விதம், ஓரத்து இலை, பூ, அவ்வளவுதான்.

அதனால் சண்டையைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாலு தடி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்க, ஐந்தாவது நடுவில் நேராக நிற்கிறது. ஏற்கெனவே செட்டாகிவிட்ட நாலு பேருக்கு நடுவே ஒரு புது ஆள் நுழைவதாக நான் படிப்பேன். அவர் தாங்குகிறாரா, தடுக்கிறாரா என்பதைப் பக்கத்துச் சீட்டு சொல்லும்.

தடி என்றால் நெருப்பு என்கிறார்களே?

1888ல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞான அமைப்பின் வழியில் வந்த கணக்கு அது. அதற்கு நூறு வருடம் முன்னால், 1781ல், பாரிஸில் கூர் தெ ஜெபெலன் என்ற எழுத்தாளர் தடியை விவசாயத்துக்குக் கொடுத்தார். வாள் அரசருக்கும் பிரபுக்களுக்கும், கோப்பை குருமாருக்கும், காசு வணிகருக்கும். எனக்கு இவருடைய கணக்கு பிடிக்கும். காட்டில் வெட்டிய மரம், கை உழைப்பு, உடம்பு வலிக்கும் வேலை என்று தடியைப் பார்த்தால் பெரும்பாலும் படித்துவிடலாம். நெருப்பு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டையும் ஒரே வாசிப்பில் கலக்காதீர்கள்.

முதலில் இது என்ன தடி? சண்டைக்கா, ஊன்றவா?

இரண்டுக்கும் இல்லை! இந்த நாலு இனங்களும் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் சீட்டுகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவை. இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் மம்லூக் கட்டில் இது போலோ ஆடும் மட்டை. ஐரோப்பாவில் அன்று போலோ பழக்கத்தில் இல்லை. மட்டை வெறும் தடியாகிவிட்டது என்பது ஆய்வாளர்கள் கருத்து.

எண் கூடினால் நல்லதா, கெட்டதா?

நல்ல கேள்வி, பலர் கேட்பதே இல்லை. டாரட் முதலில் விளையாட்டுச் சீட்டு, 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் பிறந்தது. பழைய ஆட்ட விதிப்படி தடியிலும் வாளிலும் பத்து ஒன்றை வெல்லும். கோப்பையிலும் காசிலும் தலைகீழ், ஒன்றுதான் பத்தை வெல்லும். நான் இதை அப்படியே வாசிப்புக்கும் எடுத்துக்கொள்கிறேன். தடி கூடக்கூட பலமும் கூடும், பாரமும் கூடும். நல்லது, கெட்டது என்று சீட்டைத் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ராஜா, ராணி, ஜாக்கி எல்லாரும் தடியோடுதான் நிற்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

தடியை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஜாக்கி பெரிய மரக்கட்டையைத் தரையில் ஊன்றி அதன்மேல் கை வைத்து நிற்கிறான்; வேலை இன்னும் தொடங்கவில்லை. ராணி அதைத் தோளில் சாய்த்திருக்கிறாள், பழகிய பாரம். ராஜாவின் கையில் அது செதுக்கி முடித்த கோல். நாலாவதாகக் குதிரை வீரனும் உண்டு: வேலையோடு கிளம்பிவிட்டவன்.

என் தம்பிக்கு வெளியூரில் வேலை வந்திருக்கிறது. தடி மூன்று, தடி பத்து, காசு இரண்டு விழுந்தது. கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் மேடம்.

தடி மூன்றில் குறுக்கே இரண்டு, நடுவில் ஒன்று. சுற்றி நிறைய இடம். அடுத்ததில் எட்டுத் தடி குறுக்கே நெருக்கமாகப் பின்னிக் கிடக்க, அதற்குள் இரண்டு நேராகச் செருகியிருக்கிறது. மூன்றிலிருந்து ஒரே தாவலில் பத்து. சொன்ன வேலை ஒன்று, போனபின் தலையில் ஏறும் வேலை பல மடங்கு என்று படிக்கிறேன். உங்கள் தம்பிக்குத் தெம்பு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. மூச்சுவிட நேரம்தான் இருக்காது.

ஆனால் காசு இரண்டை விடாதீர்கள். இரண்டு காசையும் ஒரு நாடா சுற்றி இணைக்கிறது. அச்சிட்டவர் தன் பெயரைப் போடுவதும் வழக்கமாக அந்த நாடாவில்தான், அதனால் எனக்கு இது கையெழுத்துச் சீட்டு. காசில் சின்ன எண் பலமானது என்று மேலே சொன்னேன் அல்லவா? பேரம் பேசும் பலம் அவரிடம் இருக்கிறது. வேலை நேரம், சம்பளம், லீவு எல்லாம் எழுத்தில் வந்தபின் டிக்கெட் போடச் சொல்லுங்கள். முதலில் அவர் கையில் இருக்கும் ஆஃபர் லெட்டரைப் படியுங்கள்; சீட்டு அதற்கு அப்புறம்தான்.

தடிச் சீட்டு தலைகீழாக விழுந்தால்?

எண் சீட்டுகளைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் மேல் கீழ் கண்டுபிடிப்பதே கஷ்டம். அதனால் நான் தலைகீழைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆஸ், அதாவது ஒன்று, மட்டும் வேறு: கை ஒன்று பச்சை மரத்தடியை நிமிர்த்திப் பிடித்திருக்கும் படம் அது. தலைகீழாக விழுந்தால் நேராக்கி வைத்துவிட்டு வாசிப்பைத் தொடருங்கள்.