மலையில் வேகாத சோறு, ஊரில் தண்ணிச் சாம்பார்: மாஸ்டர் பதில்கள்

1992இல் மதுரையில் ஒரு ஹோட்டலில் மேசை துடைக்கும் பையனாகச் சேர்ந்தேன். அப்புறம் டிபன் மாஸ்டர், அப்புறம் சரக்கு மாஸ்டர். குழம்பு, கறி வகைகளுக்குப் பொறுப்பானவரை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். ஒன்பது வருஷம் ஊட்டியில் ஒரு ரிசார்ட் கிச்சனைப் பார்த்துக்கொண்டேன். இப்போது கோவையில் நாற்பது பேர் உட்காரும் மெஸ் நடத்துகிறேன். "சுற்றுலா போன இடத்திலும் சரி, சொந்த ஊரிலும் சரி, ஹோட்டல் சாப்பாடு முன்ன மாதிரி இல்லையே, ஏன்?" என்பதுதான் இந்த முறை வந்த கேள்விகளின் சாரம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (திருப்பூர்): அண்ணா, மே மாசம் குடும்பத்தோட ஊட்டி போனோம். ரிசார்ட்டில் ராத்திரி பஃபே, ஆளுக்கு 950 ரூபாய். சோறு நடுவில் அரிசியாகவே இருந்தது. பூரி தோல் மாதிரி. பத்து வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம். என்னங்க ஆச்சு?

சோற்று விஷயத்தில் முதல் குற்றவாளி மலைதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்றுதான் இருக்கும், உள்ளே சூடு போதாது. நான் மதுரையிலிருந்து போன முதல் வாரம், பழைய பழக்கத்தில் கொதியைப் பார்த்து நேரம் கணக்குப் பண்ணி முப்பது கிலோ சோற்றை வடித்துவிட்டேன். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. வடித்த சோற்றுக்கு மறுபடி கொதிதண்ணி தெளித்து, ஈரத்துணி போட்டு மூடி, தணலில் தம் வைத்துத்தான் அன்றைக்குத் தப்பித்தேன். துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் அங்கே குக்கர் இல்லாமல் மசியவே மசியாது. டிசம்பர் குளிரில் இட்லி மாவு பொங்காது. மாவுத் தூக்கைப் பாய்லர் பக்கத்தில் வைத்துக் கம்பளி சுற்றிவிட்டுத் தூங்கப் போவோம். அதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர் ஒரு பிடி சோடா உப்பைப் போட்டு வேலையை முடித்துவிடுவார்.

சரி, பத்து வருஷத்துக்கு முன்னாலும் மலை அதே உயரம்தானே? மாறியது கிச்சன். நிறைய ரிசார்ட்டுகளில் இப்போது ரூம்களை மட்டும் முதலாளி வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் காண்ட்ராக்ட் விட்டுவிடுகிறார். தலைக்கு இவ்வளவு என்று பேச்சு. நீங்கள் கொடுத்த 950இல் ரிசார்ட் தன் பங்கை எடுத்தது போக மீதியில்தான் காண்ட்ராக்டர் சமைத்து, கூலி கொடுத்து, லாபமும் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே சீசனுக்கு மட்டும் ஆள் பிடித்து வருவார். அந்த ஆளுக்கு மலை அடுப்பு பழகும்போது சீசன் முடிந்திருக்கும்.

பூரி கெட்டதற்குக் காரணம் பஃபே. சுட்டவுடன் மூடி போட்ட பாத்திரத்தில் அடுக்கிக் கீழே சூடு வைத்தால், மூடியில் சேரும் நீராவி சொட்டுச் சொட்டாகப் பூரி மேலேயே விழும். இருபது நிமிஷத்தில் தோல்தான். பூரி, தோசை, அப்பளம் மூன்றையும் பஃபேயில் வைப்பவருக்குச் சமையல் தெரியாது என்று நான் முடிவு கட்டிவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. உங்கள் தெரு மெஸ்காரர் நாளைக்கும் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டும். ரிசார்ட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. நீங்கள் திரும்பி வர இன்னும் பத்து வருஷம் ஆகும், ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையைப் பார்த்து அடுத்த குடும்பம் வந்துவிடும்.

கேள்வி (சென்னை): மாஸ்டர், பன்னீர் பட்டர் மசாலா, கடாய் வெஜ், மஷ்ரூம் மசாலா எது கேட்டாலும் ஒரே ருசியா இருக்கே. என் நாக்குதான் கெட்டுப்போச்சா?

உங்கள் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் இரண்டு அண்டா போடுவார்கள். ஒன்று சிவப்பு கிரேவி: வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள். இன்னொன்று வெள்ளை கிரேவி: வெங்காயம், முந்திரி. முந்திரி விலை ஏறிய பிறகு பாதிக்கு மேல் தர்பூசணி விதைப் பருப்பை அரைத்துப் போடுகிறார்கள். நீங்கள் ஆர்டர் சொன்னதும் ஒரு கரண்டி சிவப்பு, அரைக் கரண்டி வெள்ளை, மேலே பன்னீரோ காளானோ. பட்டர் மசாலாவுக்குக் கொஞ்சம் சர்க்கரையும் கிரீமும், கடாய்க்குக் குடைமிளகாய். நான்கு நிமிஷத்தில் மேசைக்கு வந்துவிடும்.

இது மோசடி இல்லை, பெரிய கிச்சன்கள் எல்லாமே இந்த முறையில்தான் ஓடுகின்றன. வம்பு வருவது மெனு கார்டால். 180 அயிட்டம் போட்டுவிட்டு உள்ளே இரண்டு அண்டாதான் என்றால் வேறு எப்படி ருசிக்கும்? மெனு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் நான் தள்ளிப் போவேன். அப்புறம் பன்னீர். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்யும் மலிவுச் சரக்கு ஒன்று சந்தையில் இருக்கிறது. பாக்கெட்டில் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். உங்கள் தட்டுக்கு வரும்போது பாக்கெட் ஏது?

ஊட்டியில் எனக்கு வயிற்றெரிச்சல் இதுதான். கிச்சன் ஜன்னலுக்கு எதிரே கேரட் தோட்டம். எங்களுக்கு வந்ததோ கீழே கோவையிலிருந்து வரும் ஃப்ரோசன் கலவைக் காய். நீலகிரிக் காய் மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிடும். பில்லோடு, கடனுக்கு, ஒரே வண்டியில் எல்லாச் சாமானும் தருகிற சப்ளையர் வேண்டும் என்பார் மேனேஜர். தோட்டக்காரர் பில் எங்கே தருவார்?

கேள்வி (திருச்சி): எங்கள் ஊரில் முப்பது வருஷமாகப் போகும் ஹோட்டல். இட்லி அப்படியே இருக்கிறது, சாம்பார் மட்டும் தண்ணியாகவும் இனிப்பாகவும் ஆகிவிட்டது. ஏன் ஐயா?

பருப்பு விலை ஏறும்போது முதலில் கை வைக்கும் இடம் சாம்பார்தான். இட்லியைச் சிறிசாக்கினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சாம்பாரில் பருப்பைக் குறைத்துப் பரங்கிக்காயை வேகவைத்து மசித்துவிட்டால் கெட்டியும் நிறமும் கிடைக்கும். நீங்கள் சொல்லும் இனிப்பு அதுதான். அதிலும் ஆறவிட்டால் அடியில் வண்டல், மேலே தண்ணி என்று பிரிந்து நிற்கும். பருப்பு நிறையப் போட்ட சாம்பார் அவ்வளவு பிரியாது.

இட்லி அப்படியே இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. கிரைண்டர் வந்த பிறகு மாவு தினமும் ஒரே பதத்தில் வருகிறது. உளுந்தில் கஞ்சத்தனம் பண்ணாமல் இருந்தால் போதும்.

கேள்வி (மதுரை): அண்ணே, பழைய மாஸ்டர்கள் எல்லாம் எங்கே போனாங்க? இப்ப எல்லா ஹோட்டல்லயும் வடநாட்டுப் பசங்கதான். அதனாலதான் ருசி போச்சுன்னு எங்கப்பா சொல்றாரு.

அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, நான் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லுங்கள் தம்பி.

டிபன் மாஸ்டர் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். பதினொரு மணிக்கு முடித்துவிட்டு மாடியில் படுத்து எழுந்து, மூன்றரைக்கு மறுபடி நின்றால் ராத்திரி பதினொன்று. தீபாவளியா, பொங்கலா, அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். எந்த மாஸ்டர் தன் மகனை இதற்கு விடுவார்? என் மகன் கணக்கு தணிக்கை படிக்கிறான். நானே விடவில்லை.

அந்த இடத்துக்கு ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் பையன்கள் வந்தார்கள். என் மெஸ்ஸில் ரசம் வைப்பவன் ஒடிசாக்காரன். மூன்று வருஷம் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டான். நுரை கூடியதும் இறக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது என்பதில் என்னைவிட அவன் கறார். ஆளைப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுக்கும் வழக்கம் போனதுதான் ருசி போனதற்குக் காரணம். பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, மாவாட்டி, நான்கு வருஷம் கழித்துத்தான் எனக்குக் கரண்டி கிடைத்தது. இப்போது வந்த மூன்றாம் நாளே மசாலா பாக்கெட்டைக் கையில் கொடுத்துக் கொட்டச் சொல்கிறார்கள்.

கேள்வி (பெங்களூரு): ஆப்பில் ஆர்டர் செய்தால் நேரில் சாப்பிடுவதைவிட மோசமாக இருக்கிறதே?

ஆப்காரர் கடையிடம் எடுக்கும் கமிஷன் ஒரு பக்கம், பயணம் இன்னொரு பக்கம். நெய் ரோஸ்ட்டை டப்பாவில் மூடினால் பூரிக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும். பிரியாணி, தயிர்சாதம், இட்லி தாங்கும். மற்றதை நடந்து போய்ச் சாப்பிடுங்கள்.

கேள்வி (சேலம்): ஏற்காட்டில் ஒரு இடத்தில் 5 சதவீதம் வரி, பக்கத்து ரிசார்ட்டில் 18, கூடவே சர்வீஸ் சார்ஜ். எது சரி?

இரண்டு வரியும் சரியாக இருக்கலாம். பெரும்பாலான உணவகங்களுக்கு 5 சதவீதம். ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் 18. 2017 நவம்பரில் 5 சதவீதம் ஆனபோது, வாங்கும் பொருளுக்கும் கட்டும் வாடகைக்கும் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி அந்த உணவகங்களுக்குப் போய்விட்டது. உங்கள் பில்லில் வரி குறைந்தது, கடைக்காரர் செலவு ஏறியது. அது விலையிலோ அளவிலோ எங்காவது வந்து உட்காரத்தானே செய்யும்?

சர்வீஸ் சார்ஜ் வேறு கதை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரியே என்றது. எடுக்கச் சொல்லுங்கள். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): எனக்கு 71 வயது. நீங்கள் எல்லோரும் பழசைப் புகழ்கிறீர்கள். அந்தக் காலத்து ஹோட்டல் அடுக்களையை நான் பார்த்திருக்கிறேன். கரி, ஈ, அழுக்குத் துண்டு. உண்மையிலேயே தரம் குறைந்துவிட்டதா, அல்லது நமக்கு வயதாகிவிட்டதா?

இதற்காகவே உங்களுக்குத் தனியாக ஒரு ஃபில்டர் காபி. நான் சேர்ந்த ஹோட்டலில் டம்ளர் கழுவ ஒரே ஒரு தொட்டி. காலையில் நிரப்பிய தண்ணி மத்தியானம் சாம்பல் நிறத்தில் இருக்கும், அதில்தான் முக்கி எடுப்போம். பஜ்ஜி எண்ணெயைக் கொட்டுவது என்ற பேச்சே கிடையாது, தீரத் தீர மேலே ஊற்றுவோம். இன்றைக்கு, பொரித்த எண்ணெய் எந்த அளவுக்குக் கெட்டால் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் உண்டாகும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. எல்லோரும் கேட்கிறார்களா என்பது வேறு விஷயம். எண்ணெய் கறுத்து, கொதிக்கும்போது நுரை அடங்காமல் நின்றால் அந்தக் கடையில் வடை வேண்டாம்.

ஆக, சுத்தம் கூடியிருக்கிறது. டிபன் கெடவில்லை. கெட்டது மத்தியானச் சாப்பாடும் கிரேவி வகையும். வயதின் பங்கும் உண்டு, மறுக்கவில்லை. அன்றைக்கு ஹோட்டலுக்குப் போவது வருஷத்தில் நான்கு தடவை. அந்தப் பசியோடு போனால் இன்றைக்கும் ருசிக்கும்.

கேள்வி (ஈரோடு): டூர் போகும் இடத்தில் நல்ல சாப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? டிரைவர் சொல்லும் கடைக்குப் போகலாமா?

டிரைவரை நம்பாதீர்கள். கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆள் கூட்டி வந்தால் அவருக்குச் சாப்பாடு இலவசம், சில இடத்தில் கையில் காசும் உண்டு. அந்தக் காசு உங்கள் பில்லில்தான் இருக்கிறது. அதே டிரைவர் தனியாக வரும்போது எங்கே சாப்பிடுவார் என்று கேளுங்கள், பதில் வேறாக இருக்கும்.

உள்ளூர்க்காரர் சாப்பிடும் கடை கெடாது. குற்றால சீசனுக்குப் போகிறவர்கள் செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டாவும் கோழியும் சாப்பிடுவார்கள். சீசன் இல்லாத மாசத்திலும் அங்கே அடுப்பு எரிகிறது, லாரிக்காரரும் ஊர்க்காரரும் வருகிறார்கள். ஒகேனக்கல்லில் மீனை நீங்களே வாங்கிக் கொடுத்தால் அங்கிருக்கும் அக்காமார் கண்ணெதிரே மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள். எதை மறைக்க முடியும்?

கேள்வி (திருப்பூர், மேலே கேட்டவரே): அண்ணா, டிசம்பரில் மறுபடி ஊட்டி போகிறோம், ரூம் போட்டாச்சு. ரிசார்ட்டிலேயே சாப்பிட்டாக வேண்டும் என்றால் என்ன கேட்கட்டும்?

பஃபேயை விட்டுவிட்டு, ஸ்டாஃபுக்கு இன்றைக்கு என்ன சமையல் என்று கேளுங்கம்மா. ஒரு தடவை குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு அம்மா ராத்திரி பத்து மணிக்குக் கிச்சன் வாசலில் வந்து நின்றார். பஃபேயில் பதினெட்டு அயிட்டம், எதுவும் குழந்தை தொடவில்லை. பின்கட்டில் எங்களுக்கு வைத்திருந்த மிளகு ரசத்தில் குக்கர் சோற்றைக் குழையப் பிசைந்து, ஒரு சொட்டு நெய் விட்டுக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் அந்தக் குழந்தையின் அப்பா வந்தார், அவருக்கும் அதே வேண்டுமாம். அப்புறம் பக்கத்து மேசை. அன்றைக்கு நாங்கள் பதினோரு பேரும் பஃபேயில் மிச்சமான நூடுல்ஸைத்தான் சாப்பிட்டோம்.