அங்கன்வாடியா, மாநகராட்சிப் பள்ளி எல்.கே.ஜி.யா? சென்னைப் பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் மேற்பார்வையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். சென்னையில் அரசு நடத்தும் முன்பருவக் கல்வி நிலையங்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் பெற்றோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய்): மகளுக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது. தெருமுனையில் பால்வாடி இருக்கிறது. பத்து நிமிட நடையில் மாநகராட்சிப் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பு இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா அம்மா?

பதில்: ஒன்றல்ல. நாம் இன்றும் பால்வாடி என்றே அழைக்கும் அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய, நான் பணியாற்றிய அதே குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், சமூக நலத் துறையின் பொறுப்பில் இயங்குவது. சத்துணவு, எடை பார்த்தல், தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றோடு சேர்த்தே முன்பருவக் கல்வியையும் அது தருகிறது. மாநகராட்சிப் பள்ளியின் மழலையர் வகுப்போ மாநகராட்சிக் கல்வித் துறையைச் சேர்ந்தது; அங்கே பள்ளிக்குரிய ஒழுங்கும் எழுத்துப் பயிற்சியும் முன்னே நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஏற்பாடும் உண்டு. 2019 ஜனவரியில் தமிழகம் முழுவதும் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல், உள்ளே காலை நேரம் எப்படிக் கழிகிறது என்பதைப் பாருங்கள்.

கேள்வி (சைதாப்பேட்டையிலிருந்து ஒரு தந்தை): அங்கன்வாடியில் பாட்டும் விளையாட்டும்தான் நடக்கின்றன. எங்கள் எதிர்வீட்டுப் பையன் எல்.கே.ஜி.யில் ஆங்கில எழுத்துகளை எழுதுகிறான். என் மகன் பின்தங்கிவிடுவானா?

பதில்: ஐயா, இந்தக் கவலையோடு வந்த பெற்றோரை நான் பணியில் இருந்தவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றரை வயதில் விரல்களின் சிறுதசைகள் பென்சிலை இறுகப் பிடிக்கும் அளவுக்குத் தேறியிருக்காது; மணி கோப்பதும், களிமண் பிசைவதும், தாளைக் கிழித்து ஒட்டுவதும்தான் அவற்றைத் தேற்றுகின்றன. பாட்டில் சொற்கள் சேர்கின்றன, கதை கேட்கும்போது காத்திருக்கவும் நினைவில் வைக்கவும் பிள்ளை பழகுகிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்தால் முதல் வகுப்பு. எழுத்துக்கு அங்கே போதிய நேரம் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பணியாளர் பதிவேடுகளில் மூழ்கியிருக்க, பிள்ளைகள் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தால் அது விளையாட்டுவழிக் கல்வி ஆகாது. அப்படிப்பட்ட மையத்தைவிட நல்ல ஆசிரியை உள்ள எல்.கே.ஜி. மேலானது என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

கேள்வி (பெரம்பூரிலிருந்து): நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முன்னறிவிப்பின்றி காலை பத்தரை மணி அளவில் செல்லுங்கள், அனுமதி கேட்டு அரை மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். முதலில் தலைகளை எண்ணுங்கள். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள இருபது பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை கூறும் அளவு. பிறகு, பொம்மைகள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா, அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். அழும் பிள்ளையை யார் தூக்குகிறார், அதன் பெயர் அவருக்குத் தெரிகிறதா என்பதைக் கவனியுங்கள். நான் ஆய்வுக்குச் சென்ற இடங்களில் எனக்கு இதைவிட நம்பகமான அடையாளம் கிடைத்ததில்லை. வடசென்னையில் ஓர் அறை மட்டுமே கொண்ட, சுவரில் ஓவியம்கூட இல்லாத ஒரு மையத்தில், பணியாளர் புளியங்கொட்டைகளையும் தீப்பெட்டிகளையும் வைத்து எண்ணக் கற்பித்தார். ஒரு பிள்ளைகூட வாசலைப் பார்க்கவில்லை. புதுவண்ணம் பூசிய மையங்களில் பிள்ளைகள் வாய்மூடி அமர்ந்திருந்ததையும் கண்டிருக்கிறேன். கழிப்பறையையும் குடிநீரையும் கட்டாயம் பாருங்கள். தாழ்வான பகுதியாக இருந்தால், ஐப்பசி மழையில் வாசலில் நீர் தேங்குமா என்று அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள்.

கேள்வி (திருவான்மியூரிலிருந்து): நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்கிறோம். மாலை ஆறு மணி வரை பிள்ளையை வைத்திருப்பார்களா?

பதில்: இல்லை. இரண்டுமே பகல்நேரக் காப்பகங்கள் அல்ல. பிற்பகலில் அழைத்துச் செல்ல ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுச் சேர்ப்பதே நல்லது.

கேள்வி (கொடுங்கையூரிலிருந்து ஒரு பாட்டி): பேரனுக்கு இரண்டரை வயது. இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை. எங்கே சேர்ப்பது?

பதில்: அம்மா, அவனை இப்போதே அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள், இரண்டு வயது முதல் அங்கே வரலாம், வாரத்தில் மூன்று நாள் முட்டையும் கிடைக்கும். தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். அடுத்து எப்போது வருவார்கள் என்று பணியாளரிடம் கேட்டு, அன்று நீங்களும் உடனிருங்கள். அதுவரை காத்திருக்காமல், இந்த வாரமே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, காது கேட்கும் திறனைச் சோதிக்கப் பரிந்துரை வாங்குங்கள்.